தொங்காத வயர்

க்ரீஈஈ என்று மெல்லிசாகத் தொடங்கி, நடுவில் ஒரு மூச்சு விட்டு, டக் என்று முடிகிற அந்தச் சத்தத்தை நான் முதன்முதலில் கேட்டது எண்பத்தாறாம் வருஷம் ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த நாள் காலையில், மார்க்கெட் போகிற தெருமுனையில் வலப்பக்கம் சைக்கிளைத் திருப்பும்போது. என் வண்டியிலிருந்துதான் வருகிறது என்று தெரியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரோ சிலேட்டில் ஆணியால் தன் பெயரை எழுதிக்கொண்டே வந்து, கடைசி எழுத்தில் புள்ளி வைக்கும்போது ஆணி முறிகிற மாதிரி இருந்தது. தெருமுனையில் தயிர்ப்பானையோடு உட்கார்ந்திருந்தவள் காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதே சத்தம் இப்போது, முப்பத்திரண்டு வருஷம் கழித்து, அடுப்படி ஜன்னலுக்கு வெளியே கேட்கிறது. மணி ஆறாக ஐந்து நிமிஷம். பால் இன்னும் பொங்கவில்லை. எங்கள் வளவின் ஆறு வீடுகளுக்கும் பொதுவான முற்றத்தில் என் வீட்டுக்காரர் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஸ்டாண்டில் நிற்கிற சைக்கிளின் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுகிறார். அது க்ரீஈஈ என்கிறது, நிற்கிறது. தலையைச் சாய்த்துக் கேட்கிறார், மறுபடி சுற்றுகிறார். சைக்கிள் என்னுடையது அல்ல. என்னுடையது போய்ப் பல வருஷமாகிறது. இது கோடி வீட்டு ரூபவதியின் சைக்கிள். போன சித்திரையில் குடிவந்தவள், முப்பத்தைந்து வருஷம் டிரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், அறுபத்தாறு வயதில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு தினமும் காலை ஆறரைக்கு ரயில் மேம்பாலம் தாண்டி மைதானத்துக்குப் பூப்பந்து ஆடப் போகிறவள். ஆறரைக்கு இந்தச் சைக்கிளை எடுக்க வருவாள். இன்னும் முப்பத்தைந்து நிமிஷம் இருக்கிறது. அதற்குள் நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அல்லது சொல்லாமல் இருக்க வேண்டும்.

அவர் சவரம் செய்திருக்கிறார். இதை நான் விடிந்ததுமே கவனித்துவிட்டேன். எழுபத்து நாலு வயதில், சனிக்கிழமை காலையில், கிரீஸ் வேலை செய்வதற்கு முன்னால் எந்த மனுஷன் சவரம் செய்துகொள்வான். சைக்கிளுக்குக் கீழே பழைய பேப்பரை விரித்திருக்கிறார், நான்கு மூலைக்கும் கல் வைத்து. என் சைக்கிளை அவர் வெறுந்தரையில்தான் போட்டுப் புரட்டுவார், எண்ணெய்க் கறையை நான்தான் சாம்பல் போட்டுத் தேய்ப்பேன். அந்தப் பேப்பரைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது என்று யாரிடம் சொல்ல முடியும். பேப்பரைப் பார்த்து. எம்.ஏ. தமிழ் படித்து, முப்பத்தொரு வருஷம் பாடம் நடத்தி, பொறாமையில் வெந்துபோன பெண்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எத்தனை செய்யுள் பொருள் சொல்லியிருக்கிறேன், அதில் ஒருத்திகூடப் பழைய பேப்பரைப் பார்த்து வெந்துபோனதாக எழுதவில்லை. எழுதினவர்கள் எல்லாரும் ஆண்கள், வேறென்ன. இதோ ஒரு துணியை எடுத்து அவளுடைய சீட்டைத் துடைக்கிறார். சீட்டுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம். சுற்றிச் சுற்றித் துடைக்கிறார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், கம்பி குளிர்ச்சியாக இருக்கிறது, பால் சட்டியின் விளிம்பில் ஆடை சுருங்குகிற சின்னச் சத்தம் வருகிறது. நேற்றுச் சாயங்காலம் அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து நின்றபோதும் இதே ஜன்னலில்தான் நின்றேன். "அண்ணாச்சி, பிரேக்குக் கட்டை மறுபடியும் தேஞ்சு போச்சு. மூணு வாரம்கூட ஆவல" என்றாள். அவர் எழுந்து நின்றே பதில் சொன்னார். "ஒங்க மேல தப்பே இல்ல டீச்சர். இப்ப வாரது பூரா மட்டக் கட்டை. ரப்பர்னு பேருதான், உள்ள பூரா கரித்தூளு." "கடையில குடுத்திருதேனே, ஒங்களுக்கு எதுக்கு சிரமம்?" "கடைக்காரன் என்ன செஞ்சிருவான்? வயர் வேலையெல்லாம் கண்டவனும் செய்ய முடியுமா டீச்சர்?" அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு மனப்பாடம். முதலில் மூக்கில் ஒரு சின்னக் காற்று, பிறகு மேலே ஏறுகிற மூன்று படி. ஒங்க மேல தப்பே இல்ல. இந்த நாலு சொல்லை ராத்திரி முழுக்க மென்றுகொண்டிருந்தேன்.

எனக்கு அவர் சொன்னது வேறு. எண்பத்தாறில் பள்ளிக்கூடம் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாறியபோது புது லேடீஸ் சைக்கிள் வாங்கினோம். பி.யு.சி. படிக்கும்போதே நான் சைக்கிள் ஓட்டுகிறவள், மழையில் ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன், ஆனால் அந்தக் காலத்து வண்டிக்கெல்லாம் கம்பி பிரேக். இதற்கு வயர் பிரேக். கைப்பிடியிலிருந்து பின்சக்கரம் வரைக்கும் ஒரு கறுப்புக் குழாய்க்குள் வயர் ஓடும், அந்தக் குழாயை அவுட்டர் என்பார்கள். கம்பெனியில் அதைக் கொஞ்சம் நீளமாகவே விட்டிருந்தார்கள், கைப்பிடிக்கு முன்னால் ஒரு வளைவு வளைந்து தொங்கியது. வண்டி வந்த அன்றைக்கே இவர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். "என்னட்டி இது, பந்தல்ல பொடலங்கா தொங்குத மாதிரி தொங்குது. வயர்னா தொங்கக் கூடாது." அவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். எங்கள் வீட்டுச் சுவரில் ஓடுகிற வயரை இன்றைக்கும் வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி, ஜாணுக்கு ஒரு கிளிப், ஒரு இடத்தில்கூட வயிறு தள்ளாது. அந்த ஒழுங்கோடு என் சைக்கிளின் அவுட்டரையும் கொறடு வைத்து வெட்டிக் குறைத்து, சட்டத்தோடு சட்டமாக ஒட்டி இழுத்துக் கட்டினார். முனையில் மாட்டுகிற சின்னத் தகரத் தொப்பியை "இதெல்லாம் அலங்காரத்துக்கு" என்று தூரப் போட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்று வாரத்தில் பிரேக் கட்டை தேய்ந்துபோனது. மாற்றினார். மறுபடி மூன்று வாரம். கையெல்லாம் கறுப்பாக, நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். "மூணு வாரத்துல கட்டை தேயுமாட்டி? நீ பிரேக்கைப் பிடிச்சிக்கிட்டே ஓட்டுதே." "நான் பிடிக்கலையே." "ஒனக்கே தெரியாமப் பிடிப்பே. ஒன் கை பயந்த கை, உலகு." உலகம்மாள் என்கிற பெயரை அவர் சுருக்கிக் கூப்பிட்டது எனக்கு அப்போது இதமாக இருந்தது. அதனால்தானோ என்னவோ நம்பினேன். பயந்த கை என்று சொன்னபோது அதில் கோபம் இல்லை, ஒரு செல்லம் இருந்தது. செல்லத்தோடு சொல்வதை மறுப்பது கஷ்டம்.

அதற்குப் பிறகு ஓட்டும்போதெல்லாம் என் இடது கையையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். விரல்களை விரித்து வைத்துக்கொள்வேன். பிரேக்கைத் தொடக் கூடாது, தொடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போய் ஒருதடவை எருமைமேல் மோதினேன். மூன்று வாரத்தில் கட்டை தேயும். அப்படியானால் எனக்கே தெரியாமல்தான் பிடிக்கிறேன், எனக்குள்ளே எனக்குத் தெரியாத ஒருத்தி உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் நிறுத்தப் பார்க்கிறாள் என்று முடிவுக்கு வந்தேன். வீட்டில் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. புடவைக் கடையில் இரண்டு நிறத்துக்கு நடுவில் யோசித்து நின்றால், மகள் பொன்மலர் சிரிப்பாள், "அம்மா பிரேக்கைப் பிடிச்சிட்டா." அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, இந்தப் பையனை இன்னும் கொஞ்சம் விசாரிக்கலாமே என்று நான் சொன்னதற்கு, என் நாத்தனார் பந்தியில் எல்லார் முன்னாலும், "மதினி பிரேக்கைப் பிடிச்சிக்கிட்டேதான் வண்டி ஓட்டுவா" என்றாள். நானும் சிரித்தேன். எண்பத்தெட்டில் பெண்கள் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகக் கடிதம் வந்தது. கடிதத்தை மூன்று நாள் கைப்பையிலேயே வைத்திருந்தேன். யாரும் போகாதே என்று சொல்லவில்லை, இவர்கூட "போய்ட்டு வாயேன்" என்றார். நான்தான், என் கைதான், பயந்த கைதானே, அங்கே போய்ப் பெரிய பெரிய ஆட்கள் முன்னால் என்ன பேசப் போகிறேன் என்று போகவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டிருந்த கவிதைகளும் அப்படித்தான், இரண்டு வரி ஓடும், அப்புறம் நிற்கும், நான்தான் நிறுத்துகிறேன் என்று புரிந்து மூடிவைத்துவிடுவேன். தொண்ணூற்றொன்றில் சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடக்க ஆரம்பித்தேன். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. நடக்கிறவர்களுக்குப் பிரேக் தேவையில்லை என்பது பெரிய நிம்மதியாக இருந்தது. பதினைந்து வருஷம் நடந்தேன்.

பால் பொங்குகிறது. அணைத்துவிட்டேன். மூன்று வாரத்துக்கு முன்னால், நேற்றைப் போலவே ஒரு வெள்ளிக்கிழமை, அவள் சைக்கிளை விட்டுவிட்டுப் போயிருந்தாள், இவர் புதுக் கட்டை போட்டு முடித்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். ஸ்டாண்டில் நின்ற வண்டிக்குப் பக்கத்தில் துணி காயப்போட இடமில்லாமல், கைப்பிடியை ஓரமாகத் தள்ளினேன், அவ்வளவுதான். வலப்பக்கம் திரும்பியது. பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் இருந்த கட்டைகள் மெதுவாக, இரண்டு உதடு மூடுகிற மாதிரி, ரிம்மைப் போய்ப் பிடித்தன. யாருடைய கையும் பிரேக்கில் இல்லை. என் கையில் ஈரத் துணி இருந்தது. கைப்பிடியை நேராக்கினேன், ஒரு கட்டை விலகியது, இன்னொன்று விலகாமல் ரிம்மோடு ஒட்டிக்கொண்டே நின்றது. மறுபடி திருப்பினேன். மறுபடி பிடித்தது. நேராக்கினேன், திருப்பினேன். எத்தனை தடவை செய்தேன் என்று தெரியவில்லை, துணியிலிருந்து தண்ணீர் என் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தால் எல்லாம் தெரிந்தது. அவள் வண்டியிலும் இவர் வெட்டிக் கட்டின அவுட்டர் சட்டத்தோடு ஒட்டி ஸ்கேல் வைத்த மாதிரி ஓடியது, ஒரு விரல் நுழைய இடமில்லை, கைப்பிடி திரும்பினால் அது எங்கிருந்து நீளும், உள்ளே இருக்கிற வயரைத்தான் இழுக்கும். பின்னால் முனையில் தொப்பி இல்லை, கொறடு கடித்த வாய் சப்பையாக நசுங்கி வயரைக் கவ்விக்கொண்டிருந்தது, கவ்வினால் வயர் எப்படித் திரும்பிப் போகும், கட்டை எப்படி ரிம்மை விடும். ரூபவதி பிடிக்கவில்லை. நானும் பிடிக்கவில்லை. எனக்குள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அன்றைக்கு நான் துணியைக் காயப்போட மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே வந்து அடுப்படியில் நின்றேன். சந்தோஷப்பட வேண்டியதுதானே. குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு வந்தவள் என்ன செய்வாள், கூவ மாட்டாளா. எனக்கு ரூபவதிமேல்தான் ஆத்திரம் வந்தது. ஒரே அவுட்டர், ஒரே கொறடு, ஒரே மனுஷன். அவளுக்கென்றால் கட்டை மட்டம். எனக்கென்றால் நானே மட்டம்.

அதனால்தான் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று மூன்று வாரமாக நினைத்துப் பார்க்கிறேன். அவுட்டரைக் கொஞ்சம் நீளமாகப் போட்டால் கட்டை ஒரு வருஷம் வரும், அவள் மூன்று வாரத்துக்கு ஒருதடவை வர மாட்டாள், எனக்கு நல்லதுதானே. ஆனால் அவளுடைய வண்டி சரியாகிவிடும், குடிவந்த கொஞ்ச நாளிலேயே அவளுக்குக் கிடைப்பது எனக்கு முப்பத்திரண்டு வருஷமாகக் கிடைக்கவில்லை, அதை என் வாயாலேயே அவளுக்குக் கொடுக்க வேண்டுமா. இடையில் ஒரு ராத்திரி இன்னொரு நினைப்பு வந்தது, அதைச் சொல்லவே கூசுகிறது. இவருக்குத் தெரிந்தேதான் செய்கிறாரோ. கட்டை தேய்ந்தால்தானே அவள் வருவாள். அப்படி நினைத்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன், பக்கத்தில் அவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அப்படியானால் எண்பத்தாறிலும் தெரிந்தேதான் செய்தாரா, என் சைக்கிளுக்கு அருகே மூன்று வாரத்துக்கு ஒருமுறை உட்கார்வதற்காகவா, என்று அந்த நினைப்பே திரும்பி வேறு பக்கம் போனது, அது உண்மையாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன். இல்லை. அந்த வெட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். திட்டம் போடுகிறவன் அவ்வளவு கோணலாக வெட்ட மாட்டான். தெரியாதவன் வெட்டின வெட்டு. வயர் தொங்கக் கூடாது என்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது. அதில் சூதும் இல்லை, காதலும் இல்லை.

இன்றைக்கு வேறு ஒன்று இருக்கிறது. ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சத்தத்தை நிறுத்துவதற்காக அவர் அவுட்டரை இன்னும் கொஞ்சம் வெட்டியிருக்கிறார். கேட்டால் வயர் தளர்ந்துபோச்சு, இறுக்கினேன் என்பார். பின்சக்கரத்துக்கு மேலே சட்டத்தில் அதன் முனை உட்கார ஒரு சின்னக் குழி உண்டு, அந்தக் குழிக்குள் முனை உட்காரவில்லை, அதன் உதட்டில் நுனியை ஊன்றி நிற்கிறது, நாற்காலியின் ஓரத்தில் பாதி உட்கார்ந்த ஆள் மாதிரி. மெதுவாகப் பிடித்தால் பிடிக்கும். இழுத்துப் பிடித்தால் நழுவிவிடும், நழுவினால் வயர் தொளதொளத்துப் போகும், பிரேக் என்று ஒன்று இருக்காது. மேம்பாலத்தின் அந்தப் பக்க இறக்கம் எனக்குக் காலால் தெரியும், பதினைந்து வருஷம் நடந்தவள். இறங்கி முடிகிற இடத்தில் பஸ் திரும்பும். இறக்கத்தில் முன்பிரேக்கைத் தொடக் கூடாது, தொட்டால் தலைகுப்புற விழுவோம் என்பது சைக்கிள் ஓட்டுகிற பெண்கள் எல்லாருக்கும் சட்டம், அவளும் பின்பிரேக்கைத்தான் இழுத்துப் பிடிப்பாள். இதோ அவர் பிரேக்கை இரண்டு தடவை மெதுவாக அமுக்கிப் பார்க்கிறார், திருப்தியாகத் தலையை ஆட்டுகிறார். மெதுவாக அமுக்கிப் பார்த்தால் எப்படித் தெரியும். வெளியே போய், ஏங்க, அந்த முனையைப் பாருங்க என்று சொல்ல எட்டு அடி நடந்தால் போதும். நான் டம்ளரைக் கழுவுகிறேன், கழுவின டம்ளரையே மறுபடி கழுவுகிறேன். விழட்டும் என்று நான் நினைக்கவில்லை. அப்படி நினைக்கவில்லை என்று எனக்கு நானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன், இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது என்பதுதான் என் காதில் விழுந்தது. லேசாக விழட்டும். முழங்கை சிராய்க்கிற அளவுக்கு. இவர் போட்ட பிரேக்கால் விழுந்தேன் என்று அவளுக்குத் தெரிகிற அளவுக்கு. அப்போது என்ன சொல்வார், ஒங்க கை பயந்த கை டீச்சர் என்பாரா, சொல்லட்டும், ஒருதடவை அவளையும் சொல்லட்டும். பஸ் திரும்புகிற இடம் கண்ணுக்கு முன்னால் வந்தது. வெள்ளை ஷூ ஒன்று மட்டும் தனியாகக் கிடந்தது. டம்ளரை வைத்துவிட்டேன்.

"ஆச்சா அண்ணாச்சி?" என்று அவள் குரல். நேரமாகவில்லை, ஆறு இருபதுதான், இன்றைக்குப் பார்த்துச் சீக்கிரமே வந்திருக்கிறாள். "ஆச்சு டீச்சர். இனி யானை மேல ஏறி உக்காந்த மாதிரி போலாம்." "யானைக்கு பிரேக் உண்டுமா அண்ணாச்சி?" மூக்கில் காற்று, மூன்று படி. அவர் சிரிக்கிறார், எனக்குத் தெரியாத ஒரு சிரிப்பு, எங்கே வைத்திருந்தார் இத்தனை நாளாக. "எக்கா, காப்பி கிடையாதா எனக்கு?" என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்கிறாள், நான் நிற்பது அவளுக்கு எப்போதுமே தெரியும்போல. "பாலு இப்பத்தான் பொங்குச்சு" என்றேன், அது கால் மணிக்கு முன்னால் பொங்கின பால். "வந்து குடிக்கேன். நேரமாவுது, அங்க எல்லாரும் வலையக் கட்டிருப்பாவ." ஸ்டாண்டைத் தட்டினாள். வளவு வாசல் வரைக்கும் உருட்டிக்கொண்டு போனாள். அவர் பேப்பரை மடிக்கக் குனிந்தார். நான் செருப்பில்லாமல் முற்றத்தில் இறங்கினேன், அவரைத் தாண்டினேன், "எங்கட்டி ஓடுதே?" என்றார், வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனேன். அவள் ஒரு காலைப் பெடலில் வைத்துவிட்டாள். "ரூபா!" அவளை அப்படி நான் அதுவரை கூப்பிட்டதில்லை. நின்று திரும்பிப் பார்த்தாள். கிட்டே போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன், மூச்சு வாங்கியது. "அந்த இறக்கத்துல ஏறி உக்காந்து போவாத. பிரேக்கு நிக்காது. பின்னால அந்த முனை குழியில உக்காரல. கட்டை தேயுததும் அதுனாலதான். கட்டை மேல தப்பில்ல. அவுட்டருதான் குட்டை." ஒரே மூச்சில் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு வளவு வாசலைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள். "தெரியுமேக்கா." "என்னது?" "மொத தடவையே தெரியும். முப்பத்தஞ்சு வருசம் சைக்கிள்ல போனவ, எனக்குத் தெரியாதா? நான் என்னைக்கு அந்த இறக்கத்துல ஏறிப் போனேன்? பாலத்து மேல இறங்கி உருட்டிக்கிட்டுல்லா போறேன்." "அப்பம் ஏன் சொல்லல?" "எப்படிக்கா சொல்ல? அம்புட்டு ஆசையாச் செய்தாவ. பேப்பர் விரிச்சு, நாலு கல்லு வச்சு. வயரு வேலைன்னா ஒரு கர்வம் அவுகளுக்கு. சொன்னா மொகம் வாடிராது?" "கடையில மாத்திருக்கலாம்ல?" "மாத்துனா அவுகளுக்குத் தெரிஞ்சிரும்லா. போனாப் போவுது, உருட்டுனா என்ன, காலுக்கு நல்லதுதானே." பெடலில் வைத்த காலை எடுக்காமலேயே சொன்னாள். நான் கைப்பிடியை விட்டேன். க்ரீச் என்று ஒரு சின்ன முனகலோடு தெருமுனையில் வலப்பக்கம் திரும்பிப் போனாள்.

தெருவில் நின்றுகொண்டிருந்தேன். பால்காரன் மணியடித்துக்கொண்டு சுற்றிப் போனான். கல் குத்தியது, அப்புறம்தான் செருப்பில்லை என்பதே தெரிந்தது. அவள் விழப்போவதில்லை. என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியிருக்க வேண்டும், அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது, முன்னதைவிடக் கனமாக. இத்தனை நாள் அவர் அவளுக்குக் கொடுப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை. அவள் அவரைத் தூக்கிப் பிடிக்கிற லாகவம் இருக்கிறதே, பொறாமைப்பட வேண்டியது அதற்குத்தான். தப்பு அவருடையது என்று ஒரு பார்வையில் தெரிந்துகொண்டு, அதை அவர் தலையிலும் போடாமல் தன் தலையிலும் போட்டுக்கொள்ளாமல், பாலத்தின் மேலே இறங்கி உருட்டிக்கொண்டு போய்விட்டாள். இறங்கி உருட்டலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை. கடைக்காரனிடம் ஒருநாள் காட்டியிருக்கலாம், கைப்பிடியை ஒருதடவை சும்மா திருப்பிப் பார்த்திருக்கலாம். அவர் சொன்னார், நான் நம்பினேன். அவர் சொல்வது சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக என்னையே அதற்குப் பொருத்தமாக வெட்டிக்கொண்டேன், இங்கே ஒரு அங்குலம், அங்கே ஒரு அங்குலம். அவள் அவரை மணந்திருந்தால் ஐந்தே வருஷத்தில் ஓட்டுவதை விட்டிருப்பாளா. அவளுக்கு எளிது, அவருடைய சொல் அவளுக்கு உயிர் அல்ல. சீ, என்ன நினைப்பு இது, உயிராம்.

உள்ளே வந்தபோது அவர் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். நுரை கறுப்பாக ஓடியது. "டீச்சர்ட்ட என்ன சொன்னே?" "ஒண்ணுமில்ல." பக்கத்தில் போய் நின்றேன். குழாயை மூடாமல் என்னைப் பார்த்தார். "எண்பத்தாறுல என் சைக்கிள் கட்டை தேஞ்சுதே, ஞாபகம் இருக்கா?" "ம்." "அது அவுட்டர். நீங்க குட்டையா வெட்டிட்டிய. ஹாண்டிலத் திருப்புனா தானாப் பிடிக்கும். நான் பிடிச்சிக்கிட்டு ஓட்டல. என் கையி பயந்த கையில்ல." பாடம் நடத்துகிற குரலில்தான் சொன்னேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நகக்கண்ணில் இருந்த கிரீஸை இன்னொரு நகத்தால் எடுத்தார். ஒவ்வொரு விரலாக எடுத்தார். வளவில் யாரோ ரேடியோவைத் திருப்பினார்கள். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த முகத்தில் ஏதாவது ஒன்று வந்தால் போதும், கோபம் வந்தாலும் போதும். குழாயை மூடினார். "இருக்கும்" என்றார். துண்டில் கையைத் துடைத்தார். பிறகு, "காப்பி போட்டியா?" என்றார். போட்டேன். அவருக்குச் சீனி குறைவாக, எனக்கும் குறைவாக. அடுப்படியில் நின்றுகொண்டே குடித்தேன். இருக்கும் என்கிற சொல்லை நாக்கில் வைத்துப் பார்த்தேன். எத்தனையோ சொற்களை எடை போட்டுப் பழகிய நாக்கு, இதை என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை அவர் யாரிடமும் சொல்லாமல் ரூபவதியின் சைக்கிளைக் கடைக்கு உருட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் புது அவுட்டர் போட்டு, முனையில் தொப்பி மாட்டி, கைப்பிடிக்கு முன்னால் ஒரு வளைவு தொங்க விட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு கட்டை தேயவில்லை, அவளும் முற்றத்துக்கு வர வேண்டியிருக்கவில்லை. கொறடைத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். நான் விரும்பினபடிதான் எல்லாம் நடந்தது. காலையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காப்பி குடிக்கிறோம், அவர் பேப்பர் படிக்கிறார், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்கடுத்த வருஷம் வளவை விற்கிற பேச்சு வந்தபோது ரூபவதி காலி செய்துகொண்டு வள்ளியூரில் தம்பி வீட்டோடு போய்விட்டாள். அந்தச் சனிக்கிழமை போய் ஆறு வருஷமாகிறது, இப்போது அவளுக்கு எழுபத்திரண்டு வயது. ஒரு கண்ணில் புரை எடுத்திருக்கிறது. கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் இன்னும் சைக்கிளில்தான் போகிறாள்.